டிங்கி இல்லாத உடம்புக்கு ஒரு போத்தல் பப்பாளி இலைச் சாறு

நான் பயந்தாங்கொள்ளி. என் வீட்டில், என் வேலையிடத்தில், யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ்ஸை ஓட்டுகிறேன். விடிகாலையில் சாவி போடுவதற்கு முன்னால் பஸ்ஸை ஒரு சுற்று சுற்றி வருவேன். குனிந்து டார்ச் அடித்துப் பார்ப்பேன். எண்ணெய் சொட்டியிருக்கிறதா, டயரில் ஆணி ஏறியிருக்கிறதா என்று தேடுவேன். முடித்துவிட்டு ஏறி உட்கார்ந்ததும் சந்தேகம் வரும். இறங்கி இன்னொரு சுற்று. கோப்பி குடித்துக்கொண்டு நிற்கும் மற்ற டிரைவர்களுக்கு இது தினசரி வேடிக்கை.

"அண்ணே, பஸ்ஸுக்குப் பேன் பாக்குறீங்களா?"

சிரிக்கட்டும். என் பஸ் கடல் பாலத்து வெயிலில் பழுதாகி ஒருநாளும் நின்றதில்லை.

இரண்டாம் படிவத்தோடு, பதினான்கு வயதில், பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதனால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் திரும்பக் கேட்பேன். புரிகிறவரைக்கும் கேட்பேன். புரிந்த பிறகும், சரியாகத்தான் புரிந்ததா என்று ஒருமுறை கேட்பேன். என் மனைவிக்கு இது பிடிக்காது. அவள் எனக்கு நேர் எதிர். எதற்கும் கலங்க மாட்டாள். சர்க்கரை வந்தபோது கலங்கவில்லை. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினோடு படுக்க வேண்டும் என்று சொன்னபோதும் கலங்கவில்லை. "மத்த நாலு நாளு என்னுதுதான லா?" என்று கேட்டாள். அந்த நாலு நாளும், டத்தோ கிராமாட்டில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே, சீனர் கோப்பிக்கடை ஓரமாக நின்று இடியாப்பம் விற்றாள். தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் போட்டு மடித்துக் கொடுப்பாள். நின்றுகொண்டேதான் வியாபாரம். உட்கார்ந்தால் ஆள் கண்ணுக்குத் தெரியாதாம்.

அப்படி நின்ற காலில்தான் வந்தது. குதிகாலில் ஒரு வெடிப்பு. "வெடிப்புதான லா, வேசலின் போட்டா போச்சு" என்றாள். ஒரு வாரத்தில் கால் வீங்கி, தோல் பளபளவென்று சிவந்து, செருப்பு நுழையவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து மருந்து ஏற்றினார்கள். முதல் மருந்துக்கு உடம்பெல்லாம் தடித்து அரிப்பு எடுத்தது. அதை நிறுத்திவிட்டு வேறொரு ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

"இந்த மாத்திரைக்குக் கிருமி கட்டுப்பட்டால் கால் தப்பும்," என்றார் டாக்டர். அவர் ஒரு சீனப் பெண்மணி. மலாயில்தான் எங்களோடு பேசுவார். "கட்டுப்படாவிட்டால்…" என்று இழுத்து, தன் கணுக்காலுக்குக் கிட்டே விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டினார்.

என் மனைவி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  

மாத்திரையை வாங்கப் போன இடத்தில் நடந்ததை நான் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் ஒரு மலாய்ப் பெண் இருந்தாள். என் மகளுக்கு இருக்கும் வயது. மாத்திரைப் பெட்டியை நீட்டிவிட்டு, மலாயில் மாமா என்று கூப்பிட்டு, என்னை உட்காரச் சொன்னாள்.

"பாக்சிக், இது நல்ல மருந்து. ஆனா ரத்தத்துல பிளேட்லெட்னு ஒண்ணு இருக்கு. காயம் பட்டா ரத்தத்த அடைக்கிறது அதுதான். சில பேருக்கு இந்த மருந்து அத எறக்கிடும். கிட்னி நல்லா இருக்கிறவங்களவிட, கிட்னி கெட்டவங்களுக்கு அதிகமா எறங்குது. அதனால வாராவாரம் ரத்தம் சோதிக்கணும். நீங்க வீட்டுல பாத்துக்கணும்."

"எதப் பாக்கணும்?"

"கால்ல, கையில சின்னச் சின்னச் செவப்புப் புள்ளி. பல் ஈறுல ரத்தம். மூக்குல ரத்தம். காரணமில்லாம கன்னிப்போன தோல். கறுப்பா மலம். எது வந்தாலும் அடுத்த சோதனை வரைக்கும் காத்திருக்காம உடனே வந்துடுங்க."

நான் திரும்பக் கேட்டேன். சொன்னாள். புள்ளிக்கும் கொசுக்கடிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். கொசுக்கடி தடித்திருக்கும், அரிக்கும். இது தட்டையாக இருக்கும், விரலால் அழுத்தினாலும் மறையாது என்றாள். மறையாது என்றால் எப்படி என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்துத் தன் கையில் ஒரு புள்ளி வைத்து, கட்டைவிரலால் அழுத்திக் காட்டினாள். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் உச்சுக் கொட்டினார். நான் மறுபடி முதலிலிருந்து கேட்டேன். அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து சொன்னாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அதை எனக்குத் தெரிந்த மாதிரி மாற்றி வைத்துக்கொண்டேன். உடம்புக்குள் பஞ்சர் ஒட்டுகிற ஆட்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். இந்த மாத்திரை கிருமியை அடிக்கிற வேகத்தில் அவர்கள் தலையிலும் கைவைத்துவிடலாம். அவர்கள் இல்லாவிட்டால் சின்ன ஓட்டைகூட ஒழுகும். இவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து பஸ்ஸுக்குப் பிறகு, இல்லை, பஸ்ஸுக்கு முன்னாலேயே என் மனைவிக்கு டார்ச் அடித்தேன். அவள் சாரோங்கை இழுத்துக் காலை மூடிக்கொள்வாள்.

"டிரைவர் அண்ணே, பஸ்ஸு வெளிய நிக்குது. இது பொண்டாட்டி."

"ஒரு நிமிஷம் காட்டு."

"டயர் காத்து எப்படி இருக்கு? இன்னிக்கி ஃபேக்டரி போய்ச் சேருவனா?"

இரண்டு தடவை தவறாகவும் கத்தினேன். முதல் தடவை முழங்காலில் இருந்தது நிஜமாகவே கொசுக்கடி. இரண்டாவது தடவை, வாய் கழுவும் தொட்டியில் சிவப்பாகக் கண்டேன். ஈறில் ரத்தம் என்று நான் சட்டையை மாட்டிக்கொண்டு கார் சாவியைத் தேட, அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். எனக்குத் தெரியாமல் ஒரு வாய் ரோஸ் சிரப் தண்ணீர் குடித்திருக்கிறாள். அவளுக்குத் தண்ணீரே அளந்துதான். அதைக் கேட்டு நான் திட்ட, அவள் இன்னும் சிரித்தாள்.

அந்த நேரத்தில் எங்கள் ஃபிளாட்டில் டிங்கி, அதுதான் டெங்குக் காய்ச்சல். மூன்றாம் மாடியில் ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நகராண்மையிலிருந்து வந்து புகை அடித்தார்கள். எல்லோர் வாயிலும் கொசுப் பேச்சுத்தான்.

நல்லதும் நடந்துகொண்டிருந்தது. முதல் வார ரத்தச் சோதனையில் குறை இல்லை. கால் வீக்கம் வடிந்தது. கட்டுப் பிரிக்கும் நர்ஸ், புண்ணின் ஓரத்தில் நல்ல சதை வருகிறது என்றாள். என் மனைவி கோப்பிக்கடைக்காரரிடம் ஆள் அனுப்பி, "என் இடத்த யாருக்கும் குடுத்துடாதீங்க" என்று சொல்லிவைத்தாள். அவளுக்கு அந்த மாத்திரை மேல் அப்படி ஒரு பாசம். வேளை தவறாமல், நான் ஞாபகப்படுத்துவதற்கு முன்னால் எடுத்துப் போட்டுக்கொள்வாள்.

இரண்டாவது வாரம் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கட்டுப் போடாத காலில் பார்த்தேன். கெண்டைக்காலுக்கு மேலே, மிளகாய்ப் பொடியைத் தூவியது போல. தடவினேன், தடிப்பில்லை. கட்டைவிரலால் அழுத்தினேன். எடுத்தேன். அப்படியே இருந்தது.

"அரிக்குதா?"

"இல்ல. கொசுதான் லா. மேல வீட்டுப் பையனுக்கே…"

"வா, போலாம்."

"நான் வரல. போன தடவ சிரப்பு. அதுக்கு முந்தி கொசு. இன்னிக்கி என்ன, தக்காளிச் சட்னியா?"

"நெசமா இது புள்ளிம்மா."

"நாளன்னைக்கி டயாலிசிஸ் இருக்குல்ல? அங்க ரத்தம் எடுப்பாங்கல்ல?"

வழக்கமாக இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுத்துவிடுவேன். அவள் சொல்வதில் நியாயமும் இருந்தது. ஆனால் அந்தப் பெண், காத்திருக்காதே என்று சொல்லியிருந்தாள். நான் அவள் செருப்பை எடுத்து வந்து காலுக்கு முன்னால் வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்துகொண்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டினாள்.

"இதுவும் சிரப்பா இருந்தா, ஒரு மாசத்துக்கு டார்ச்சு என்கிட்ட."

அது சிரப்பாக இருக்கவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், காலுக்குக் கோடு போட்டுக் காட்டிய அதே டாக்டர், பிளேட்லெட் மிகவும் இறங்கிவிட்டது என்று அப்போதே படுக்கையில் சேர்த்தார். டிங்கிக்கும் சோதனை செய்தார்கள். இல்லை. காய்ச்சலும் இல்லை. மாத்திரையாகத்தான் இருக்க வேண்டும் என்று அதை நிறுத்தினார்.

நான் பதற்றத்தில் ஒரு காரியம் செய்தேன். கடலுக்கு அந்தப் பக்கம் பாகான் டாலாமில் இருக்கும் என் மனைவியின் அக்காவுக்குப் போன் போட்டேன். "பிளேட்லெட் எறங்கிடுச்சுக்கா" என்றேன். மீதியைச் சொல்வதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.

பினாங்கில் பிளேட்லெட் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். வியாதி டிங்கி, மருந்து பப்பாளி இலை. மறுநாள் பகல் பார்வையாளர் நேரத்துக்கு அக்கா ஃபெரி ஏறி வந்து சேர்ந்தார். ஒரு கையில் நண்டு சூப் தூக்கு. இன்னொரு கையில் இரண்டு இளநீர். தோள் பையில் ஒரு போத்தல் நிறையப் பச்சைச் சாறு. அவருடைய மகனுக்கு டிங்கி வந்தபோது இதே இலையை இடித்துப் பிழிந்து கொடுத்தவர் அவர். பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டான். அதிலிருந்து அந்த வட்டாரத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். அவர் பேச்சுக்கு நான் மறுபேச்சுப் பேசியதே இல்லை.

"இலையக் கையாலேயே இடிச்சேன். மெஷின்ல போட்டா சத்துப் போயிடும். மூக்கப் புடிச்சிக்கிட்டு ஒரே மடக்கா குடி."

பக்கத்துக் கட்டிலில் இருந்த மாக்சிக், ஒரு மலாய் அம்மா, தூக்கை எட்டிப் பார்த்து, "சூப் கெத்தாம்! பாகுஸ், பாகுஸ்!" நண்டு சூப்பு, நல்லது நல்லது என்று தலையாட்டினார். நண்டு சூப்புக்கு அவரிடமும் ஒரு டிங்கிக் கதை இருந்தது. எதிர்க் கட்டில் சீனப் பாட்டியின் மகனும் இளநீரைக் காட்டிக் கட்டைவிரலை உயர்த்தினார். வார்டே ஒரு கட்சி.

என் மனைவி வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். டயாலிசிஸ் நிலையத்தில் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். இளநீர் கூடாது, மூலிகை, இலைச்சாறு எதுவும் கூடாது. அவளுக்குத் தெரியாததா? ஆனால் அக்கா சாற்றை ஊற்றி நீட்டிய குவளைக்கு அவள் கை நீட்டினாள்.

"எண்ணிக்க ஏறிடுச்சுன்னா அந்த மாத்திரையத் திரும்பக் குடுப்பாங்கல்ல?" என்று என்னிடம் கேட்டாள். பார்வை கட்டுப் போட்ட காலில் இருந்தது. "அதுலதான் கால் ஆறிட்டு வந்துச்சு."

சர்க்கரைக்கும் டயாலிசிஸுக்கும் கலங்காதவள், அந்தக் காலுக்காக விஷத்தைக் கூடக் குடிப்பாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"குடிக்காத" என்றேன். குரல் உடைந்து கீச்சென்று வந்தது.

அக்கா திரும்பினார். "என்ன மாப்ள?"

"குடிக்கக் கூடாதுக்கா. இது டிங்கி இல்ல."

"பிளேட்லெட் எறங்கிடுச்சுன்னு நீங்கதான போன்ல அழுதீங்க?"

"எறங்கிடுச்சு. எறக்குனது கொசு இல்ல, மாத்திர. ரோட்டுல ஆணி கெடந்தா ஆணியத்தான் பொறுக்கணும். பொறுக்கியாச்சு. இனி அது தானா ஏறும்."

"ஏறுறது இன்னும் கொஞ்சம் சீக்கிரமா ஏறட்டுமே. இலைதான லா, என்ன கெடுத்துடும்?"

"இவ வீட்டுல கீரையக் கொதிக்க வச்சுத் தண்ணியக் கொட்டுறப்ப, சத்தெல்லாம் போகுதுன்னு நீங்க ஏசுவீங்கல்ல? அந்தச் சத்துதான்கா இவளுக்கு ஆகாது. பொட்டாசியம். நம்ம கிட்னி அத ஒண்ணுக்குல தள்ளிடும். இவளுக்குத் தள்ள முடியாது. மெஷின்ல படுக்கிறவரைக்கும் ரத்தத்துலயே நிக்கும். கூடிப்போச்சுன்னா இருதயத்த நிறுத்திடும். இந்தப் போத்தல்ல எவ்வளவு இருக்குன்னு யாருக்கும் தெரியாது."

அக்காவின் முகம் சிவந்தது. "நீங்க எப்ப மாப்ள டாக்டருக்குப் படிச்சீங்க? ரெண்டாம் படிவத்துக்கே பரீட்ச எழுதலையே?"

பக்கத்துக் கட்டில் மாக்சிக்குக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டார்.

"எழுதலக்கா," என்றேன். "படிச்சவனா இருந்தா ஒரு தடவ கேட்டதும் புரிஞ்சிட்டு வந்திருப்பேன். எனக்குப் புரியல. டயாலிசிஸ்லயும் கேட்டேன், மருந்துக் கவுண்டர்லயும் வரிசைல நிக்கிறவன் திட்டத் திட்டக் கேட்டேன். அதனாலதான் மறக்கல."

இதைச் சொன்னது நான்தானா என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.  

 அக்கா குவளையைப் பார்த்துக்கொண்டு, "பக்கத்து வீட்டுச் சொவரு ஏறிப் பறிச்சேன். இந்த வயசுல," என்றார். கண் கலங்கியிருந்தது. "அப்ப இத என்ன செய்ய? தொட்டியில ஊத்தவா?"

அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. குவளையை வாங்கி நான் குடித்தேன். ஒரே மடக்கு. கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு; நாக்கில் தொடங்கிக் காதுக்குள் போய் நின்றது. போத்தலில் மீதி இருந்ததையும் ஊற்றிக் குடித்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. வார்டே பார்த்தது.

என் மனைவிதான் முதலில் சிரித்தாள். "போச்சு. இனிமே டிரைவருக்கு ஜென்மத்துக்கும் டிங்கி வராது."

அக்காவும் சிரித்துவிட்டார். அழுதுகொண்டே சிரித்தார். பிறகு என் மனைவி இளநீரைக் காலால், அந்தக் கட்டுப் போட்ட காலால், மெல்லத் தள்ளிவிட்டு, "இதையும் அவருக்கே குடு" என்றாள். எனக்கு அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. கால் போய்விடும் என்ற பயத்தில் நீட்டிய கையை எடுத்துக்கொள்வது சின்ன விஷயமில்லை. நண்டு சூப்பை மாக்சிக்கும் நானும் பங்கு போட்டோம்.

மாலையில் டாக்டர் வந்ததும், அவள் கேட்ட கேள்வியை நான் கேட்டேன். பிளேட்லெட் ஏறினால் அந்த மாத்திரை திரும்பக் கிடைக்குமா? கிடைக்காது என்றார். கிட்னி இப்படி இருக்கும்போது மறுபடி இறக்கிவிடும். வேறு மருந்து இருக்கிறது, டயாலிசிஸ் நாட்களில் ஊசி வழியாக ஏற்றலாம். காலுக்கு அது போதுமா என்று கேட்டேன். "பார்ப்போம்" என்றார். மறுபடி கேட்டேன். மறுபடியும் "பார்ப்போம்"தான்.

அடுத்த டயாலிசிஸில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மருந்தைப் போடாமலே மெஷினை ஓட்டினார்கள். நர்ஸ் அடிக்கடி வந்து குழாயைக் கழுவிவிட்டுக்கொண்டே இருந்தாள். முடிந்து ஊசியைக் கையிலிருந்து எடுத்ததும் ரத்தம் நிற்கவில்லை. பஞ்சு மேல் பஞ்சு வைத்து நான் அழுத்தினேன். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

"நவுருங்க மாப்ள," என்றார் அக்கா. "இப்படித் தொட்டும் தொடாம புடிச்சா எப்படி நிக்கும்?"

நர்ஸ் காட்டிய இடத்தில் விரலை வைத்தார். இலை இடித்த கை. அசையாமல், பேசாமல், நர்ஸ் போதும் என்று சொல்லும்வரை பிடித்திருந்தார். ரத்தம் நின்றது. "பாத்தியா, என் கை வேலைக்காவும்," என்று தங்கையிடம் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் ஃபெரி ஏறி வந்து அந்த வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

பிளேட்லெட் முதலில் அசையவில்லை. பிறகு கொஞ்சம் ஏறியது. பிறகு நன்றாகவே ஏறியது. இலையும் இல்லை, நண்டும் இல்லை. மாத்திரை நின்றது, அதனால் ஏறியது. காலில் புதுப் புள்ளி வரவில்லை, பழையது பழுப்பாகி மங்கியது. ஆனால் புண் எங்களை அலைக்கழித்தது. சில வாரம் முன்னேறும், ஒரு வாரம் அப்படியே நிற்கும். ஒவ்வொரு முறை கட்டைப் பிரிக்கும்போதும் என் மனைவி டாக்டரின் விரலைத்தான் பார்ப்பாள், எங்கேயாவது கோடு போடுகிறதா என்று. கடைசியில் ஒருநாள் டாக்டர் அந்த விரலால் குதிகாலைத் தொட்டு, "மூடிவிட்டது" என்றார். என் மனைவி அந்த விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

இப்போது அவள் மறுபடி கோப்பிக்கடை ஓரத்தில் இடியாப்பம் விற்கிறாள். உயரமான நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டேன். உட்கார்ந்தாலும் ஆள் தெரிகிறது. அக்கா பாகான் டாலாமில் இன்னும் பப்பாளி இலை இடிக்கிறார். ஆனால் யாராவது வந்து பிளேட்லெட் என்றால், "மொதல்ல என்ன மாத்திர சாப்புடுறாங்க, கிட்னி எப்படி இருக்கு, அதச் சொல்லு" என்று கேட்ட பிறகுதான் உலக்கையைத் தொடுகிறாராம். என்னைக் காட்டி, "எங்க மாப்ள சொன்னாரு" என்று சொல்கிறாராம். இதைக் கேள்விப்பட்ட அன்றைக்கு பஸ்ஸை மூன்று சுற்று சுற்றினேன், சும்மா.

அந்த மருந்துக் கவுண்டர்ப் பெண்ணிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவளுக்கு என்னை ஞாபகமில்லை. பரவாயில்லை. எத்தனை பேருக்குச் சொல்கிறாளோ.

ஒன்று மட்டும் மாறிவிட்டது. முன்பெல்லாம் டார்ச்சை எடுத்தால் சாரோங்கை இழுத்து மூடிக்கொள்கிறவள், இப்போது விடிகாலையில் நான் பஸ் சாவியை எடுக்கும் சத்தம் கேட்டதும், அரைத் தூக்கத்தில் இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி வைக்கிறாள்.

"பாருங்க டிரைவர் அண்ணே. எண்ணெ ஒழுகுதா?"

நான் குனிந்து பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. இன்னொரு சுற்றும் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன்.